விளையாட்டு வீரர்களும் துணையுணவுகளும்

விளையாட்டுப் போட்டிகளுக்குரிய பருவம் நெருங்கும்போது பள்ளிகளிலும் பயிற்சிக் களங்களிலும் ஒரு வினா தவறாது எழுகின்றது. எதனை உண்டால் இன்னும் விரைந்து ஓடலாம், இன்னும் கூடிய பளுவைத் தூக்கலாம் என்பதே அவ்வினா. கேட்பவர் பெரும்பாலும் பதினைந்து, பதினாறு வயதினராகிய மாணவ மாணவியர். விடை கூற வேண்டியவரோ உடற்பயிற்சி ஆசிரியர். சிற்றூர்களில் சில வேளைகளில் சுகாதார ஊழியர். முன்னாளில் பால், முட்டை, ஊறவைத்த கொண்டைக்கடலை என்பவையே இதற்கு விடையாக அமைந்தன. இந்நாளில் பெரிய டப்பாக்களில் அடைக்கப்பெற்ற புரதப் பொடிகளும், பயிற்சிக்கு முன் அருந்த வேண்டுமெனக் கூறப்படும் வண்ணப் பானங்களும், பெயர் விளங்காத மாத்திரைகளும் கடைகளிலும் உடற்பயிற்சிக் கூடங்களிலும் கைபேசி விளம்பரங்களிலும் மலிந்துள்ளன. ஒரு டப்பாவின் விலை எளிய குடும்பம் ஒன்றின் பல வார மளிகைச் செலவுக்கு ஈடாதலும் உண்டு.

இவ்வினாவுக்குத் தவறான விடை அளிப்பதால் விளையும் நட்டம் பணத்தோடு நிற்பதில்லை. பொடி வாங்கியதால் வீட்டில் பாலும் பருப்பும் குறையலாம். மாணவியின் சோர்வுக்கு உண்மைக் காரணமாகிய இரத்தசோகை கவனிக்கப்படாமலே போகலாம். பொடியில் மறைந்திருந்த ஊக்கமருந்து சிறுநீர்ச் சோதனையில் வெளிப்பட்டு, பல்லாண்டுப் பயிற்சி ஒரே நாளில் வீணாகலாம். ஆதலின், துணையுணவுகளைப் பற்றி இதுகாறும் நடந்த சோதனைகள் காட்டுவன யாவை, எவை உண்மையில் பயன் தருவன, எவற்றால் இடர் நேரும் என்பவற்றை ஆசிரியரும் கள ஊழியரும் தெளிவாக அறிந்திருத்தல் வேண்டும்.

சப்ளிமெண்ட் என்று கடைகளில் வழங்கும் பொருள்களை மூவகையாகப் பிரித்துக்கொள்ளலாம். உணவில் குறையும் சத்தை நிரப்புவன முதல் வகை. இரும்புச்சத்து மாத்திரை இதற்கு எடுத்துக்காட்டு. உணவையே வேறு வடிவில் தருவன இரண்டாம் வகை. புரதப் பொடியும் சர்க்கரைப் பானமும் இதனைச் சார்ந்தவை. குறைவு ஏதும் இல்லாதபோதும் ஆற்றலை மிகுவிக்கும் என்று சொல்லப்படுவன மூன்றாம் வகை. இம்மூன்றையும் ஒன்றாகக் கருதுவதனாலேயே பெரும்பாலான குழப்பங்கள் தோன்றுகின்றன.

தசையின் எரிபொருள் யாது?

வலிமை வேண்டுவோர் புரதத்தை நாடுதல் நெடுங்கால வழக்கம். தசை புரதத்தால் ஆகியது. ஆகவே தசை வேலை செய்யும்போது புரதமே எரிகின்றது என்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் ஜெர்மானிய இரசாயன அறிஞர் லீபிக் கருதினார். கேட்பதற்குப் பொருத்தமாகத் தோன்றிய இக்கருத்து தவறென்று காட்டிய சோதனை 1865ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்தில் நடைபெற்றது. சூரிச் நகரப் பேராசிரியர்களான பிக், விஸ்லிசெனுஸ் என்னும் இருவர் பால்ஹார்ன் மலையின் மீது ஏறினர். ஏறுவதற்கு முந்திய நாள் நண்பகலிலிருந்தே அவர்கள் புரதத்தை நீக்கி, மாவு, கொழுப்பு, சர்க்கரை ஆகியவற்றை மட்டுமே உட்கொண்டனர். புரதம் சிதையும்போது அதிலுள்ள நைட்ரஜன் சிறுநீரில் வெளியாகும். ஏறிய உயரம் ஏறத்தாழ 1,950 மீட்டர். அவ்வளவு உயரத்திற்கு உடலைத் தூக்கிச் செல்லத் தேவையான சக்தியையும், சிறுநீரில் கண்ட நைட்ரஜனைக் கொண்டு கணித்த புரதச் சிதைவையும் ஒப்பிட்டபோது, சிதைந்த புரதம் அவ்வேலைக்குச் சற்றும் போதாதென்பது விளங்கிற்று. தசையின் தலையாய எரிபொருள்கள் மாவுப்பொருளும் கொழுப்புமே என்னும் உண்மை இவ்வாறு உறுதிப்பட்டது.

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஆண்டுதோறும் நடைபெறும் மாரத்தான் ஓட்டத்தில் 1924ஆம் ஆண்டு மருத்துவர் சிலர் வீரர்களின் இரத்தத்தைச் சோதித்தனர். இலக்கை அடைந்தபோது மிகவும் தளர்ந்திருந்தவர்களின் இரத்தத்தில் சர்க்கரை அளவு தாழ்ந்திருந்தது. மறு ஆண்டு, ஓட்டத்திற்கு முன் மாவுப்பொருள் மிகுந்த உணவையும் ஓட்டத்தினிடையே சர்க்கரை மிட்டாயையும் வீரர் சிலருக்கு அளித்துப் பார்த்ததில், அத்தகைய தளர்ச்சி பெரிதும் தவிர்க்கப்பட்டது.

மாவுப்பொருள் தசையினுள் கிளைகோஜன் என்னும் வடிவில் சேமிக்கப்படுகின்றது. 1966ஆம் ஆண்டு சுவீடன் நாட்டு ஆராய்ச்சியாளர்களான பெர்க்ஸ்ட்ரோம், ஹல்ட்மன் ஆகிய இருவரும் இதனைத் தம் உடலிலேயே சோதித்தனர். ஒவ்வொருவரும் ஒரு காலால் மட்டும் மிதிவண்டியைக் களைக்கும்வரை மிதித்தனர்; மறு காலுக்கு ஓய்வளித்தனர். பின்னர் மூன்று நாள்கள் மாவுப்பொருள் மிகுந்த உணவை உண்டு, இரு கால்களிலிருந்தும் ஊசி வழியே சிறு தசைத் துணுக்கை எடுத்துப் பார்த்தனர். உழைத்த காலில் கிளைகோஜன் ஓய்ந்த காலிலுள்ளதைப்போல ஏறத்தாழ இரு மடங்காகப் பெருகியிருந்தது. உண்ட உணவு ஒன்றே. அதனைத் தன்னுள் ஈர்த்துச் சேர்த்தது பயிற்சி பெற்ற தசை. உணவும் பயிற்சியும் ஒன்றையொன்று சார்ந்தவை என்பதை இதனினும் எளிதாகக் காட்டுதல் அரிது.

இதனால் ஆசிரியர் அறியத்தக்கது யாதெனில், நெடுநேரம் ஓடியும் ஆடியும் பழகும் மாணவனுக்கு முதற்கண் வேண்டுவது சோறு, சப்பாத்தி, கேழ்வரகு, கம்பு, கிழங்கு, வாழைப்பழம் முதலிய எளிய உணவுகளே என்பதாம். இவற்றைக் குறைத்துப் புரதப் பொடியைக் கூட்டினால், விலை மிகுந்த புரதத்தின் ஒரு பகுதி எரிபொருளாகவே செலவாகிவிடும்.

புரதம் எவ்வளவு வேண்டும்?

புரதம் வேண்டாவென்பது இதன் பொருளன்று. பயிற்சியால் நலியும் தசை இழைகளைச் செப்பனிடவும் புதிய தசையை வளர்க்கவும் புரதம் இன்றியமையாதது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2020ஆம் ஆண்டில் வெளியிட்ட பரிந்துரைப்படி, வயது வந்தோர்க்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் போதும். கடும் பயிற்சி செய்வோருக்கு இத்தேவை 1.2 முதல் 2 கிராம் வரை உயரும் என்பது விளையாட்டு மருத்துவ அறிஞர்கள் ஏற்றுக்கொண்ட கணக்கு.

50 கிலோகிராம் எடையுள்ள மாணவி ஒருத்தி நடுத்தொலை ஓட்டத்தில் பயிற்சி பெறுவதாகக் கொள்வோம். கிலோகிராமுக்கு 1.4 கிராம் வீதம் அவளுக்கு வேண்டும் புரதம் 70 கிராம். அவளுடைய ஒரு நாள் உணவில் 200 கிராம் அரிசி இருந்தால் அதில் சுமார் 16 கிராம் புரதம் உண்டு. 150 கிராம் கோதுமை மாவில் 16 கிராம். 75 கிராம் பருப்பில் 16 கிராம். 400 மில்லிலிட்டர் பாலில் 13 கிராம். 30 கிராம் நிலக்கடலையில் 7 கிராம். இவற்றின் கூட்டுத்தொகை 68. இதனோடு ஒரு முட்டையோ, முட்டை உண்ணாதவராயின் 30 கிராம் கொண்டைக்கடலையோ சேர்ந்தால் மேலும் 6 கிராம் கிட்டும். மொத்தம் 74 கிராம். பொடி ஏதுமின்றியே தேவை நிறைவேறிவிட்டது.

தானியப் புரதத்தில் லைசின் என்னும் அமினோ அமிலம் குறைவு. பருப்புப் புரதத்தில் அது மிகுதி. பருப்பில் குறையும் மெத்தியோனின் தானியத்தில் உண்டு. சோறும் பருப்பும், சப்பாத்தியும் கொண்டைக்கடலையும், இட்லியும் சாம்பாரும் எனச் சேர்த்துண்ணும் வழக்கம் நாடெங்கும் இருப்பதனால் இரண்டின் குறையும் தாமே நீங்குகின்றன. புரதத்தை ஒரே வேளையில் குவித்து உண்பதினும் மூன்று நான்கு வேளைகளாகப் பகிர்ந்து உண்பது சிறந்தது.

ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024ஆம் ஆண்டு மே மாதத்தில் வெளியிட்ட உணவு நெறிமுறைகளில், உடலைப் பருக்கச் செய்வதற்காகப் புரதப் பொடிகளை உட்கொள்ளுதலைத் தவிர்க்குமாறு அறிவுறுத்தப்பட்டுள்ளது. வீட்டுணவால் தேவையை நிறைவேற்ற இயலாத சிறப்பு நிலைகளில், மருத்துவர் அல்லது உணவியல் வல்லுநரின் மேற்பார்வையில் பொடியைப் பயன்படுத்துவது வேறு. ஆசிரியர் அதனைப் பொது விதியாக மாணவர்க்குக் கூறுவது வேறு.

சோதனையில் தேறிய பொருள்கள்

ஆற்றலை மிகுவிப்பன என்று விற்கப்படும் பொருள்கள் நூற்றுக்கணக்கானவை. அவற்றுள் ஆராய்ச்சியில் நின்று நிலைத்தவை மிகச் சிலவே. சர்வதேச ஒலிம்பிக் குழு கூட்டிய அறிஞர்கள் 2018ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையில், ஆற்றலை நேரடியாக உயர்த்துவதற்குத் தக்க சான்றுள்ளவையாக ஐந்து பொருள்களையே குறித்தனர். அவையாவன:

முதலாவது கிரியேட்டின். இது 1832ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் செவ்ரலால் மாமிசத்தில் கண்டறியப்பட்டது. மனித உடலும் இதனைத் தானே ஆக்கிக்கொள்கின்றது. சில விநாடிகளே நீடிக்கும் கடும் முயற்சியில் தசைக்கு உடனடிச் சக்தியை மீட்டுத் தருவது இதன் தொழில். இதனை உட்கொண்டால் தசையில் இதன் இருப்பு உயரும் என்பது 1992ஆம் ஆண்டில் தெளிவாக்கப்பட்டது. நாளொன்றுக்கு 3 முதல் 5 கிராம் போதுமானது. பளு தூக்குதல், குறுந்தொலை ஓட்டத்தை மீண்டும் மீண்டும் பழகுதல் போன்றவற்றில் சிறு பயன் உண்டு. தசையில் நீர் சேர்வதால் உடல் எடை சற்று ஏறும். எடைப் பிரிவு வகுத்து நடைபெறும் மல்யுத்தம், குத்துச்சண்டை போன்ற போட்டிகளில் இது பாதகமாகலாம்.

இரண்டாவது காபீன். காப்பியிலும் தேயிலையிலும் இயல்பாகவே உள்ளது. உடல் எடையின் கிலோகிராமுக்கு 3 முதல் 6 மில்லிகிராம் வரை உட்கொண்டால் களைப்புணர்ச்சி குறைகின்றது. தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் கணக்குப்படி, வடித்த காப்பி 150 மில்லிலிட்டரில் 80 முதல் 120 மில்லிகிராம் காபீன் உண்டு. நாளொன்றுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் செல்லலாகாது. முன்னர்ப் போட்டிகளில் வரம்பு கட்டப்பட்டிருந்த காபீன், 2004ஆம் ஆண்டு முதல் தடைப் பட்டியலில் இல்லை. எனினும் மிகுந்தால் நெஞ்சுப் படபடப்பும் உறக்கக் கேடும் விளையும். உறக்கம் கெட்டால் மறுநாள் பயிற்சி கெடும்.

மூன்றாவது நைட்ரேட். பீட்ரூட், கீரை வகைகள் முதலியவற்றில் மிகுதியாக உள்ளது. வாயிலுள்ள நுண்ணுயிர்கள் இதனை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. அது பின்னர் உடலில் நைட்ரிக் ஆக்சைடாகி இரத்தக் குழாய்களை விரிக்கின்றது. குறிப்பிட்ட வேலைக்குத் தேவைப்படும் பிராணவாயுவின் அளவு இதனால் சிறிது குறைகின்றது.

நான்காவது சோடியம் பைகார்பனேட், அதாவது சமையல் சோடா. ஒன்று முதல் ஏழு நிமிடங்கள் வரை நீடிக்கும் கடும் முயற்சியில் தசையில் மிகும் அமிலத்தன்மையைத் தணிக்க இது உதவும். ஆயின் பலருக்கு வயிற்றுப் பொருமலும் பேதியும் உண்டாவதால், போட்டி நாளில் பயனைவிடத் தொல்லையே மிகுவதும் உண்டு.

ஐந்தாவது பீட்டா அலனின். தசையிலுள்ள கார்னோசின் என்னும் பொருளைப் பெருக்கி, இதுவும் அமிலத்தன்மையைத் தணிக்கின்றது. பல வாரங்கள் தொடர்ந்து உட்கொண்டால்தான் பயன் தெரியும். உட்கொண்டவுடன் தோலில் ஊசி குத்துவது போன்ற உணர்ச்சி தோன்றலாம்.

இவ்வைந்தின் பயனையும் மிகைப்படுத்திக் கூறலாகாது. பல்லாண்டுப் பயிற்சியால் தன் ஆற்றலின் உச்சத்தை அணுகிவிட்ட வீரனுக்கு நூற்றுக்கு ஒன்று, இரண்டு பங்கு முன்னேற்றமும் பதக்கத்தைத் தரலாம். வளரும் பருவத்து மாணவனுக்கோ ஒழுங்கான பயிற்சி, உணவு, உறக்கம் ஆகியவற்றால் கிட்டக்கூடிய முன்னேற்றம் இதனினும் பன்மடங்கு பெரிது. ஆகவே, பதினெட்டு வயது நிரம்பாதோர் இப்பொருள்களைப் போட்டிக்காக உட்கொள்ள வேண்டுவதில்லை.

"உண்டான், முன்னேறினான்" என்னும் வாதம்

பொடியை உட்கொண்ட தம் நண்பர் ஒருவர் இரு மாதங்களில் வலிமை பெற்றதைக் கண்ணால் கண்டதாக மாணவர் பலர் கூறுவர். இதனை மறுக்கும்போது ஏளனம் செய்யாது, காரண காரிய முறையை விளக்குதல் ஆசிரியர் கடன். முதலாவதாக, புதிதாகப் பயிற்சி தொடங்கியவன் முதற்சில வாரங்களில் எதனை உண்டாலும் விரைவில் முன்னேறுவான். நரம்புகள் தசையை இயக்கப் பழகுவதே அதன் காரணம். இரண்டாவதாக, பணம் கொடுத்துப் பொடி வாங்கியவன் பயிற்சியைத் தவறாது செய்வான், நேரத்தில் உறங்குவான். மூன்றாவதாக, பயன் கிட்டும் என்னும் நம்பிக்கையே முயற்சியை ஓரளவு மிகுவிக்கும்.

இவற்றைப் பிரித்தறியவே ஆராய்ச்சியாளர் வீரர்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு உண்மைப் பொருளையும் மற்றொரு பிரிவினருக்கு நிறத்தாலும் சுவையாலும் அதனை ஒத்த வெறும் பொருளையும் அளிக்கின்றனர். யாருக்கு எது அளிக்கப்பட்டது என்பது உண்பவருக்கும் தெரியாது, அளவெடுப்பவருக்கும் தெரியாது. இம்முறையில் சோதித்தபோது விளம்பரத்தில் புகழப்பட்ட பொருள்களுட் பல வெறும் பொருளினும் மேம்பட்டவையாகத் தோன்றவில்லை. விஞ்ஞான வகுப்பில் சோதனை முறையை விளக்குவதற்கும் இது ஏற்ற எடுத்துக்காட்டாகும்.

டப்பாவில் மறைந்திருப்பவை

பயனின்மையினும் பெரிய இடர் கலப்படம். ஜெர்மனியின் கோலோன் நகர ஆராய்ச்சிக்கூடத்தில் பதின்மூன்று நாடுகளிலிருந்து திரட்டப்பட்ட 634 துணையுணவுகள் சோதிக்கப்பட்டன. முடிவு 2004ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அவற்றுள் 94 பொருள்களில், மேலுறையில் குறிக்கப்படாத ஸ்டீராய்டு வகைப் பொருள்கள் காணப்பட்டன. ஏறத்தாழ ஏழில் ஒரு டப்பா இவ்வாறு கலப்புடையதாக இருந்தது. ஒரே இயந்திரத்தில் பல பொருள்களை அரைத்துக் கலப்பதால் நேரும் தூய்மைக்கேடு ஒரு காரணம். விரைந்து பயன் காட்ட வேண்டுமென்று வேண்டுமென்றே கலப்பது மற்றொரு காரணம்.

இந்திய வீராங்கனைகளுக்கு நேர்ந்ததொரு நிகழ்ச்சி இங்கு நினைவுகூரத்தக்கது. 2011ஆம் ஆண்டில் 400 மீட்டர் ஓட்டத்தில் பெயர் பெற்ற ஆறு வீராங்கனையரின் மாதிரிகளில் தடைசெய்யப்பட்ட ஸ்டீராய்டுகள் காணப்பட்டன. தம் வெளிநாட்டுப் பயிற்சியாளர் அளித்த ஜின்செங் என்னும் வேர்ப் பொருளே காரணம் என்று அவர்கள் வாதிட்டனர். முதலில் விசாரித்த குழு ஓராண்டுத் தடை விதித்தது. 2012ஆம் ஆண்டில் விளையாட்டுக்குரிய சர்வதேச நடுவர் நீதிமன்றம் அதனை ஈராண்டாக உயர்த்திற்று. அவ்வாண்டின் லண்டன் ஒலிம்பிக் போட்டிகளில் பங்கு பெறும் வாய்ப்பு அவர்களுக்கு இல்லாது போயிற்று.

இதில் அடங்கியுள்ள விதி கடுமையானது. வீரரின் உடலில் எப்பொருள் காணப்பட்டாலும் அதற்கு அவரே பொறுப்பாளி. அறியாமல் உண்டேன் என்பது தண்டனையைக் குறைக்க ஓரளவு உதவலாம், குற்றத்தை நீக்காது. போட்டியில் பெற்ற முடிவும் பறிபோகும். பயிற்சியாளர் தந்தார், கடைக்காரர் மூலிகை என்றார், மேலுறையில் எழுதப்படவில்லை என்னும் விடைகள் காப்பாற்றமாட்டா. 1999ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமை இவ்விதிகளை வகுக்கின்றது. நம் நாட்டில் 2005ஆம் ஆண்டில் அமைக்கப்பெற்ற தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு முகமை இவற்றைச் செயற்படுத்துகின்றது. 2022ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் இதற்கெனத் தனிச் சட்டமும் இயற்றியுள்ளது. அவ்வாண்டில் நம் நாட்டில் சோதிக்கப்பட்ட 3,865 மாதிரிகளில் 125 மாதிரிகள் தடைப் பொருள் உடையனவாக இருந்தன. இது நூற்றுக்கு 3.2 விழுக்காடு, ஈராயிரத்திற்கு மேற்பட்ட மாதிரிகளைச் சோதித்த நாடுகளுள் இதுவே மிக உயர்ந்த விகிதம்.

உடலுக்கு நேரும் தீங்கோ தடைக்காலத்தோடு முடிவதில்லை. ஸ்டீராய்டுகள் கல்லீரலைக் கெடுக்கும். இரத்தக் கொழுப்பின் நிலையை மாற்றி இதயத்தை வருத்தும். வளரும் பருவத்தினரின் எலும்பு நுனிகளிலுள்ள குருத்தெலும்பு உரிய காலத்திற்கு முன்னரே இறுகிவிடுவதால் உயரம் வளர்வது நின்றுவிடும். பெண்களுக்குக் குரல் தடித்துவிடும். மருந்தை நிறுத்திய பின்னரும் அது முழுதும் மாறுவதில்லை.

உண்மையில் குறைவது எது?

சோர்வுடன் பயிற்சிக்கு வரும் மாணவியைக் கண்டவுடன் அவளுக்குப் புஷ்டிப் பொடி வேண்டும் என்று எண்ணுதல் இயல்பு. ஆனால் 2019 முதல் 2021 வரை நடைபெற்ற ஐந்தாம் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 19 வயதுள்ள பெண்களில் நூற்றுக்கு 59 பேர் இரத்தசோகை உடையவர்கள். அதே வயது ஆண்களில் 31 பேர். இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினே தசைகளுக்குப் பிராணவாயுவைக் கொண்டு சேர்ப்பது. அது குறைந்தால் ஓடும்போது மூச்சு விரைவில் முட்டும், கால்கள் கனக்கும், பயிற்சி கூடினாலும் நேரம் குறையாது. புரதப் பொடி இக்குறையைத் தீர்க்காது. இதனைத் தீர்க்க வல்ல துணையுணவு பள்ளியிலேயே விலையின்றிக் கிடைக்கின்றது. வாரந்தோறும் அளிக்கப்படும் நீல நிற மாத்திரையே அது. இரத்தசோகையற்ற பாரதம் என்னும் திட்டத்தின்கீழ் 10 முதல் 19 வயதினருக்கு அளிக்கப்படும் அம்மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்புச்சத்தும் 500 மைக்ரோகிராம் போலிக் அமிலமும் உள்ளன. உணவுக்குப் பின் நீருடன் இதனை விழுங்க வேண்டும். தேநீரும் காப்பியும் இரும்பு உடலில் சேர்வதைத் தடுப்பதால் அவற்றை அவ்வேளையில் தவிர்க்க வேண்டும். நெல்லிக்காய், எலுமிச்சை, கொய்யா ஆகியவை அதற்குத் துணை செய்யும். வெளிறிய கண்ணிமையும் தொடர்ந்த சோர்வும் உடையவரை ஆரம்பச் சுகாதார நிலையத்திற்கு அனுப்பி இரத்தத்தைச் சோதித்தல் வேண்டும். குறைவில்லாதவர் தாமாகவே மிகுதியான இரும்பு மருந்தோ ஊசியோ கொள்வது தீங்கு.

இரண்டாவது, நீர். வெயிலில் பயிலும் ஒருவர் இழக்கும் வியர்வையை அறிய எளிய முறையொன்று உண்டு. பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பார்த்தால், குறைந்த ஒவ்வொரு கிலோகிராமும் ஏறத்தாழ ஒரு லிட்டர் நீரிழப்பைக் காட்டும். உடல் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்குக்கு மேல் குறைந்தால் வெப்பத்தில் ஆற்றல் தாழும். 50 கிலோகிராம் எடையுள்ளவருக்கு இது ஒரு கிலோகிராம். மாறாக எடை கூடியிருந்தால், தேவைக்கு மேல் நீர் அருந்தியதாகப் பொருள், அதுவும் கேடு. ஒரு மணி நேரப் பயிற்சிக்குத் தூய நீர் போதும். அதனினும் நீண்டால் உப்பும் சர்க்கரையும் சிறிது சேர்த்த எலுமிச்சைச் சாறோ, உப்பிட்ட மோரோ தகும். வயிற்றுப்போக்குக்கு அளிக்கப்படும் உப்பு சர்க்கரைக் கரைசலுக்கு உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவு உண்டு. ஒரு லிட்டர் நீரில் சோடியம் குளோரைடு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், டிரைசோடியம் சிட்ரேட் 2.9 கிராம். கடையில் விற்கும் இனிப்புப் பானங்கள் இதற்கு ஈடாகா.

மூன்றாவது, உண்ணும் நேரம். பள்ளியில் நண்பகலில் உண்ட மாணவன் மாலைப் பயிற்சிக்கு வரும்போது நான்கைந்து மணி நேரம் கடந்துவிடுகின்றது. காலைப் பயிற்சிக்கோ பலர் வெறும் வயிற்றுடனேயே வருகின்றனர். பயிற்சிக்கு ஒரு மணி நேரத்திற்கு முன் ஒரு வாழைப்பழமோ, பொரியும் வெல்லமுமோ உண்டால் தளர்ச்சி பெரிதும் நீங்கும். பயிற்சி முடிந்தபின் கடலை மிட்டாயும் பாலும், அல்லது சுண்டலும் இரவு உணவும் காலந்தாழாது கிடைத்தால் தசை தன் இழப்பை ஈடு செய்துகொள்ளும்.

ஆசிரியரும் ஊழியரும் செய்யத்தக்கவை

1. துணையுணவைப் பற்றி மாணவர் வினவினால், முதலில் அவர் அன்றாடம் உண்பதை ஒரு வாரம் எழுதிவரச் செய்க. மேலே காட்டிய கணக்கைப் போன்று புரதத்தை அவரையே கூட்டிப் பார்க்கச் சொல்லுக. குறை உண்டெனில் அது பெரும்பாலும் இதிலேயே வெளிப்படும்.

2. எந்தப் பொடியையும் மாத்திரையையும் ஆசிரியரோ பயிற்சியாளரோ தம் கையால் மாணவர்க்கு அளித்தலாகாது. நல்லெண்ணத்துடன் அளித்தாலும் விளைவை ஏற்பவர் மாணவரே.

3. "விரைவில் பருமன்", "இயற்கை ஸ்டீராய்டு", "பக்க விளைவே இல்லை" என்பன போன்ற சொற்கள் மேலுறையில் இருந்தால் அப்பொருளை விலக்குக. உள்ளடங்கிய பொருள்களின் அளவைத் தனித்தனியே குறியாது "இரகசியக் கலவை" என்று மட்டும் குறித்தவற்றையும் விலக்குக. உணவுப் பாதுகாப்புத் தர நிர்ணய ஆணையத்தின் பதினான்கு இலக்க உரிம எண் இருக்க வேண்டும். ஆயின் அவ்வெண் உற்பத்தியாளருக்குரிய உரிமத்தையே காட்டும். ஊக்கமருந்துக் கலப்பு இல்லை என்பதற்கு அது உறுதியாகாது.

4. மாவட்ட, மாநிலப் போட்டிகளுக்குச் செல்லும் மாணவர் காய்ச்சல், சளி, ஆஸ்துமா முதலியவற்றுக்கு மருந்து உண்ணுமுன், தாம் போட்டியாளர் என்பதை மருத்துவரிடம் கூற வேண்டும். தடைப் பட்டியல் ஆண்டுதோறும் சனவரி முதல் நாளன்று புதுப்பிக்கப்படுகின்றது. சென்ற ஆண்டு நினைவை நம்பலாகாது. தடைசெய்யப்பட்ட மருந்தொன்று நோய்க்கு இன்றியமையாததாயின், முன்கூட்டி அனுமதி பெற விதியுண்டு.

5. திடீரெனத் தசை பருத்தல், முகப்பரு மிகுதல், எளிதில் சினம் கொள்ளுதல், பெண்களாயின் குரல் மாறுதல் ஆகியவை தென்பட்டால் கண்டிப்பதற்கு முன் மருத்துவரிடம் அழைத்துச் செல்க. அஞ்சி மறைக்கும் மாணவரைவிட நம்பிக் கூறும் மாணவரைக் காத்தல் எளிது.

பொடி உண்ணலாமா என்று மாணவர் கேட்கும்போது, அவருக்குக் குறைவது யாது என்பதையே ஆசிரியர் முதலில் ஆராய வேண்டும். குறைவு இரும்பாயின் இரும்பும், நீராயின் நீரும், உறக்கமாயின் உறக்கமும், வயிற்றுக்குச் சோறாயின் சோறும் அளிக்கப்பட வேண்டும். குறைவு ஏதும் இல்லாதவருக்கு டப்பாவால் சேர்வது அற்பம், போகக்கூடியது பெரிது. எளிய குடும்பங்களிலிருந்து வந்து, விளையாட்டுத் திறத்தால் கல்வியும் வேலைவாய்ப்பும் பெற்று உயரும் இளைஞர் நம் நாட்டில் பலர். அவர்களுடைய உழைப்பு மறைவானதொரு கலப்படத்தால் பாழாகாமல் காத்தல், பயிற்சி முறைகளைக் கற்பிப்பதைப் போலவே ஆசிரியரின் கடமையுள் அடங்கும்.